நாள் தள்ளி

ஃபிரிட்ஜ் கதவில் ரெமியின் ரோஸ்டர்.
இருபத்தெட்டு நாள் கடல், இருபத்தெட்டு நாள் கரை.
நீலக் கட்டம், வெள்ளைக் கட்டம்
டிசம்பர் முடிய அச்சடித்துத் தந்திருக்கிறது கம்பெனி.
இருபத்தெட்டு பெண்ணின் கணக்கு என்று
பத்தாம் வகுப்பில் படித்தேன்.
எங்கள் வீட்டில் அது அவனுக்கு வாய்த்திருக்கிறது.

அதன் மேலேயே சிவப்புப் பேனாவால் என் நாட்கள்:
நாற்பத்தொன்று.
அறுபத்துமூன்று.
அதிசயமாய் ஒரு முறை இருபத்திரண்டு.
பிறகு தொண்ணூறு, அதிலும் மூன்றே துளி.

முஸஃபா ஷாபியாவில் மூன்றாம் மாடி,
இரண்டு குடும்பத்துக்கு ஒரு சமையலறை.
அடுத்த அறை ஷைனி
சம்பளம் விழும் வாரம் தவறாமல் சுருண்டு படுப்பாள்.
வெந்நீர்ப் பையை நான்தான் நிரப்பிக் கொடுப்பேன்,
எனக்கு வராத அந்த வலியைப்
பார்த்துக்கொண்டே.

போனில் மாமியார்:
"முழுகாம இருக்கியாம்மா?"
இருக்கிறேன் அத்தை.
ஐம்பத்தாறு நாளாய் முழுகாமல்தான் இருக்கிறேன்.
நாளும் தள்ளித்தான் போயிருக்கிறது.
தமிழில் இதற்கெல்லாம்
வாயில் சீனி போடுவார்கள்.
பத்து திர்ஹம் அட்டை
ஒற்றைக் கோடு போடுகிறது.

ஆகஸ்டில் இந்த ஊர்க் குழாயில்
பச்சைத்தண்ணீர் கொதித்துக்கொண்டு வரும்.
ஹீட்டரை அணைத்துப் போட்டு
அதில் ஆறிக் கிடப்பதில் குளிப்போம்.
சிவப்புக் குமிழ் குளிர், நீலக் குமிழ் சூடு.
என் உடம்புக்கு இது புதிதில்லை.

டாக்டர் ஹனான் திரையை என் பக்கம் திருப்பினாள்.
வலையடியில் கோத்த ஈயக்குண்டுகள் போல
ஓரம் முழுக்க வரிசையாய்ச் சின்னச் சின்னதாய்.
அப்பாவின் வலையில் எண்ணியிருக்கிறேன்.
கனம் உண்டு, மீன் இல்லை.
மாத்திரை எழுதினாள். எடை குறை என்றாள்.
கவுண்டரில் இன்ஷூரன்ஸ் அட்டை திரும்பி வந்தது:
காய்ச்சலுக்கு உண்டு, பல்லுக்குப் பாதி,
இதற்கில்லை.

கடலில் இருக்கும்போது ரெமி
பொது அறையிலிருந்துதான் பேச முடியும்,
சுற்றிலும் ஆட்கள்.
அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு.
"கரண்ட் பில் வந்துச்சா?" என்பான்.
வந்தது என்றால் அவன் குரல் இறங்கும்.
வரவில்லை என்றால் ஏறும்.
பில் வராததற்கெல்லாம்
சந்தோஷப்படாதே என்று
எப்படிச் சொல்வது,
அத்தனை பேர் நடுவே?

ஜனவரியில், ஐந்தாம் சுற்று மாத்திரையில்,
இருபத்துநாலாம் நாள்
ஒன்று மட்டும் பதினெட்டு மில்லி வளர்ந்திருந்தது.
ஹனான் எழுந்தே நின்றுவிட்டாள்.
ஊசி போட்டாள்.
"நாளை ராத்திரி, மறுநாள். தவறவிடாதே."
ரோஸ்டரில் நாளை, நீலக் கட்டம்.

விடிகாலை நாலுக்குப் பையோடு இறங்கினான்.
ரெண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
அவன் குடித்த தம்ளரைக் கழுவினேன்,
கழுவியதையே மறுபடி கழுவினேன்.

ஏழரைக்கு மணி அடித்தது.
கதவைத் திறந்தால் ரெமி,
தலைமுடியெல்லாம் ஈரம்.
ஜன்னலில் எதிர்க் கட்டிடம் இல்லை,
கிரேன் இல்லை, தெரு இல்லை.
பனி.
"ஹெலிகாப்டர் எடுக்கலை. நாளைக்கும் சந்தேகமாம்."
முதல் முறையாக
தள்ளிப் போயிருந்தது
அவன் நாள்.

உடனே ஒன்றும் ஆகிவிடவில்லை.
பழைய குழம்பைச் சுடவைத்து ரெண்டு தோசை தின்றான்.
பூட்ஸைக் கழற்ற மறந்து கட்டிலில் உட்கார்ந்தான்.
ஷைனி டூட்டிக்குப் போகும்வரை
டி.வி.யில் சத்தமில்லாமல் கால்பந்து.
இரண்டு இரவு பனி இருந்தது.
மூன்றாம் நாள் கிரேன் தெரிந்தது. போனான்.

இன்று முப்பத்தொன்பது.
அட்டை இழுப்பறையில், உறை பிரிக்காமல்.
எனக்கு முப்பத்தொன்பது என்றால்
எதுவும் இல்லை என்றும் அர்த்தம்.

ராத்திரி பத்தரைக்குக் கடலிலிருந்து அழைப்பு.
பின்னால் யாரோ கேரம் ஆடுகிறார்கள்.
"பில் வந்துச்சா?"
"இன்னும் வரல."
இம்முறை அவன் குரல் ஏறவில்லை.
காய் ஒன்று விழும் சத்தம்.
ரெண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.